இடைவினை புரியும் எலக்ட்ரான்களும் நரம்பணுப் பிணையங்களும்

அணுவிலும் மூலக்கூறிலும் திண்மப் பொருளிலும் உள்ள எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டே இயங்குகின்றன. ஒவ்வோர் எலக்ட்ரானின் நிலையும் மற்ற எல்லா எலக்ட்ரான்களின் நிலையையும் சார்ந்திருக்கிறது. எனவே அவற்றின் கூட்டு நடத்தையைக் கணக்கிடுவது குவாண்டம் இயற்பியலின் மிகக் கடினமான பணிகளில் ஒன்றாகும். 2017-ஆம் ஆண்டு முதல் இத்தகைய கணக்குகளுக்குச் செயற்கை நரம்பணுப் பிணையங்கள் பயன்படுத்தப்பட்டு வருகின்றன. முகத்தை அடையாளம் காண்பது, மொழிபெயர்ப்பது போன்ற வேலைகளைப் பிணையம் இங்கே செய்வதில்லை. எலக்ட்ரான்களின் அலைச்சார்பு என்னும் கணிதச் சார்பாகவே அது நிற்கிறது.

கருவி புதியது, எண்ணம் பழையது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1944-இல் மூன்றே எண்களை வைத்து இதே வகையான கணக்கு ஒன்றைச் செய்தார். அந்தக் கணக்கைப் புரிந்துகொண்டவருக்கு இன்றைய பிணையங்கள் செய்வதும் எளிதில் விளங்கும். எனவே இக்கட்டுரை அங்கிருந்து தொடங்குகிறது.

சூரிய ஒளியும் ஓர் எதிர் அயனியும்

உடையார்பாளையத்து முந்திரித் தோப்பில் நண்பகலில் விழும் வெயில் சூரியனின் மேற்பரப்பிலிருந்து புறப்பட்டு 8 நிமிடம் 20 நொடி ஆகியிருக்கும். அந்த ஒளி சூரியனை விட்டு வெளியேறும் முன் கடைசியாக எதனுடன் உறவாடியது? சூரியனின் ஒளிமண்டலத்தில் பெரும்பகுதி ஹைட்ரஜன்தான். ஆனால் அந்த வெப்பநிலையில், அதாவது ஏறத்தாழ 5,800 கெல்வினில், நடுநிலை ஹைட்ரஜன் அணு கண்ணுக்குப் புலனாகும் ஒளியை மிகக் குறைவாகவே உட்கவரும். அப்படியானால் சூரியன் ஏன் கண்ணாடிபோல் ஊடுருவிப் பார்க்கக்கூடியதாக இல்லாமல், தெளிவான விளிம்புள்ள வட்டாகத் தெரிகிறது என்ற கேள்வி நெடுநாள் விடையின்றி இருந்தது.

1939-இல் ரூபர்ட் வில்ட் என்ற வானியலாளர் இதற்கு விடை கூறினார். ஹைட்ரஜன் அணு கூடுதலாக ஓர் எலக்ட்ரானைப் பற்றிக்கொண்டு எதிர் அயனியாக மாறும். சோடியம், மக்னீசியம், இரும்பு முதலிய உலோக அணுக்கள் இழக்கும் எலக்ட்ரான்களே இதற்குக் கிடைக்கின்றன. சில கோடி ஹைட்ரஜன் அணுக்களில் ஒன்று என்ற அளவில்தான் இந்த அயனி இருக்கிறது. இருந்தும் சூரியனின் ஒளிபுகாத் தன்மைக்கு இதுவே முதன்மைக் காரணம். நம்மை வந்தடையும் வெண்ணிற ஒளியின் பெரும்பகுதியும் ஹைட்ரஜன் அணுவுடன் எலக்ட்ரான் ஒட்டிக்கொள்ளும்போது வெளிப்படுவதே.

இரண்டாவது எலக்ட்ரான் அணுவுடன் மிகவும் தளர்வாகவே பிணைந்திருக்கிறது. ஹைட்ரஜன் அணுவின் எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்க 13.6 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் வேண்டும். இந்தக் கூடுதல் எலக்ட்ரானை அகற்ற 0.754 எலக்ட்ரான்வோல்ட் போதும். இவ்வளவு சிறிய பிணைப்பைச் சரியாகக் கணக்கிடும்போதுதான் எலக்ட்ரான்களுக்கு இடையிலான விலக்கத்தை எப்படிக் கையாள்வது என்ற சிக்கல் முழுமையாக வெளிப்படுகிறது.

சராசரி முறை கைவிடும் இடம்

பல எலக்ட்ரான்களைக் கையாள எளிய வழி, ஒவ்வோர் எலக்ட்ரானும் மற்றவற்றின் சராசரி மின்புலத்தில் இயங்குவதாகக் கொள்வது. இதுவே ஹார்ட்ரீ–ஃபாக் முறை. வேதியியலில் இது பெரிதும் பயன்படுகிறது. ஆனால் சராசரி என்பது ஒரு குறிப்பிட்ட நொடியில் நடப்பதைச் சொல்லாது. உடையார்பாளையத்திலிருந்து ஜெயங்கொண்டம் செல்லும் பேருந்தில் ஓர் இருக்கையில் சராசரியாக எத்தனை பேர் அமர்கிறார்கள் என்று கணக்கெடுக்கலாம். புதிதாக ஏறும் பயணி அந்தச் சராசரியைப் பார்த்து உட்காருவதில்லை. இந்த நேரத்தில் யார் எங்கே இருக்கிறார் என்று பார்த்து, காலியாக உள்ள சன்னலோர இருக்கைக்குப் போகிறார். எலக்ட்ரான்களும் ஒன்று எங்கே இருக்கிறதோ அதைப் பொறுத்து மற்றது விலகி இயங்குகின்றன. இதற்கு எலக்ட்ரான் ஒட்டுறவு என்று பெயர்.

கணக்கில் இது எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதை மேல்நிலை வகுப்பு மாணவரே சரிபார்க்கலாம். குவாண்டம் இயற்பியலில் மாறுபாட்டுத் தத்துவம் என்று ஒரு வசதி உண்டு. அலைச்சார்பை நாம் எப்படி ஊகித்தாலும், அதிலிருந்து கிடைக்கும் சராசரி ஆற்றல் உண்மையான அடிநிலை ஆற்றலுக்குக் கீழே போகவே போகாது. எனவே இரண்டு ஊகங்களில் எது தாழ்ந்த ஆற்றலைத் தருகிறதோ அதுவே மேலானது. விடை தெரியாமலேயே விடைத்தாளைத் திருத்த முடிவது போன்ற வசதி இது.

ஹைட்ரஜன் எதிர் அயனியின் இரண்டு எலக்ட்ரான்களும் ஒரே மாதிரியான அடுக்குக்குறி வடிவில் அணுக்கருவைச் சூழ்ந்திருப்பதாக ஊகிப்போம். அந்த மேகம் எவ்வளவு இறுக்கமானது என்பதை ‘அ’ என்ற எண் குறிக்கட்டும். 27.21 எலக்ட்ரான்வோல்ட்டை ஓர் அலகாகக் கொண்டால், இரு எலக்ட்ரான்களின் இயக்க ஆற்றல் அ², அணுக்கருவின் ஈர்ப்பால் வருவது −2அ, தங்களுக்குள் விலக்கிக்கொள்வதால் வருவது 5அ/8. கூட்டினால் அ² − 11அ/8. வகைக்கெழுவைச் சுழியாக்கினால் அ = 11/16; ஆற்றல் −121/256, அதாவது −12.86 எலக்ட்ரான்வோல்ட்.

இந்த விடையில்தான் சிக்கல் இருக்கிறது. ஒரே ஓர் எலக்ட்ரான் உள்ள ஹைட்ரஜன் அணுவின் ஆற்றல் −13.6. கணக்கின்படி, இரண்டாவது எலக்ட்ரான் வெளியேறிவிட்டால் ஆற்றல் இன்னும் தாழும். ஆகவே அது ஒட்டியிருக்காது. இந்த எளிய வடிவத்தை விட்டுவிட்டு, இரு எலக்ட்ரான்களும் பகிரும் ஆர்பிட்டாலுக்கு மிகச் சிறந்த வடிவத்தையே ஹார்ட்ரீ–ஃபாக் முறையில் கண்டுபிடித்தாலும் −13.28 தான் கிடைக்கிறது. சூரிய ஒளிக்குக் காரணமான அயனியே இருக்க முடியாது என்று சராசரி முறை சொல்லிவிடுகிறது. ஹீலியத்தில் இதே எளிய ஊகம் −79.0-க்குப் பதில் −77.5 தருகிறது, அங்கே தவறு 2 விழுக்காடு என்று பொறுத்துக்கொள்ளலாம். இங்கே பிணைப்பே சிறிது என்பதால் அந்த அளவுத் தவறு எல்லாவற்றையும் அழித்துவிடுகிறது.

சந்திரசேகரின் மூன்று எண்கள்

இந்த அயனி நிலையானதே என்பதை ஹான்ஸ் பெத்தே, எகில் ஹில்லராஸ் ஆகியோர் 1929–30 ஆண்டுகளிலேயே காட்டியிருந்தனர். சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் பணியாற்றிய சந்திரசேகர், சூரிய வளிமண்டலத்தில் ஒளி எப்படிக் கடந்து வருகிறது என்ற ஆய்வின்போது இதைக் கையிலெடுத்தார். பாடநூல்களில் அவர் பெயர் வெண் குறுமீன்களின் நிறை எல்லையோடு மட்டுமே வருகிறது. இந்தப் பணி அதற்குச் சற்றும் குறைந்ததல்ல.

1944-இல் அவர் எழுதிய ஊக அலைச்சார்பு மிக எளியது. முதல் படியாக, இரு எலக்ட்ரான்களுக்கும் ஒரே இறுக்கம் என்ற கட்டாயத்தை நீக்கினார். ஒன்றுக்கு ஓர் எண், மற்றதற்கு வேறோர் எண். எந்த எலக்ட்ரான் எது என்று பிரித்தறிய முடியாது என்பதால், இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுக் கூட்டிக்கொண்டார். ஆற்றலை மிகக் குறைக்கும் எண்கள் 1.039, 0.283 என்று வந்தன. ஹைட்ரஜன் அணுவில் இந்த எண் 1. எனவே ஓர் எலக்ட்ரான் ஏறக்குறைய வழக்கமான ஹைட்ரஜன் எலக்ட்ரானைப் போல அணுக்கருவை ஒட்டி இருக்கிறது. மற்றது மிகத் தொலைவில் பரந்த மேகமாக இருக்கிறது. ஆற்றல் −13.97 ஆகத் தாழ்ந்தது, அயனி பிழைத்துக்கொண்டது.

இரண்டாவது படியாக, எலக்ட்ரான்களுக்கு இடையிலான தொலைவையே ஒரு காரணியாகச் சேர்த்தார். இரண்டும் நெருங்கும்போது அலைச்சார்பு சிறுத்து, விலகும்போது பெருக்கும் வகையில் மூன்றாவது எண் அமைந்தது. ஆற்றல் −14.31 ஆனது. உண்மை மதிப்பு −14.36. வேறு விதமாகச் சொன்னால், 0.755 எலக்ட்ரான்வோல்ட் வரவேண்டிய பிணைப்பில் 0.705 மூன்று எண்களிலேயே கிடைத்துவிட்டது. பின்னர் ஃபிரான்சிஸ் பிரீன் என்பவருடன் சேர்ந்து 1946-இல் இந்த அயனி ஒளியை உட்கவரும் அளவுகளையும் அவர் கணக்கிட்டு வெளியிட்டார். விண்மீன் வளிமண்டல ஆய்வில் அவை நீண்ட காலம் பயன்பட்டன.

எலக்ட்ரான் எண்ணிக்கை கூடும்போது

இரண்டு எலக்ட்ரான்களுக்கு இது நடக்கும். நீர் மூலக்கூறில் 10 எலக்ட்ரான்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆயத்தொலைவுகள் வீதம் 30. ஒவ்வோர் ஆயத்தொலைவையும் 10 புள்ளிகளாக மட்டும் பிரித்து அலைச்சார்பின் மதிப்புகளை அட்டவணையிட்டால், 1-க்குப் பின் 30 சுழிகள் கொண்ட எண்ணிக்கையில் மதிப்புகளை எழுதிவைக்க வேண்டும். உலகிலுள்ள எல்லாக் கணினிகளின் நினைவகமும் இதற்குப் போதாது. அட்டவணை உதவாது என்னும்போது, சந்திரசேகர் செய்ததைப் போல ஒரு வாய்பாட்டை ஊகிப்பதுதான் வழி. ஆனால் 10 எலக்ட்ரான்களுக்கு எந்த வடிவத்தை ஊகிப்பது?

இதோடு பௌலி தவிர்ப்புத் தத்துவமும் சேர்ந்துகொள்கிறது. ஒரே தற்சுழற்சி கொண்ட இரண்டு எலக்ட்ரான்களை இடம் மாற்றினால் அலைச்சார்பின் குறி மாற வேண்டும். இதற்கு ஜான் ஸ்லேட்டர் 1929-இல் அணிக்கோவையைக் கருவியாக்கினார். அணிக்கோவையில் இரண்டு நிரைகளை இடம் மாற்றினால் குறி மாறும் என்பது பள்ளிக் கணிதம். நிரைக்கு ஓர் எலக்ட்ரான், நிரலுக்கு ஓர் ஆர்பிட்டால் என்று வைத்தால் தவிர்ப்புத் தத்துவம் தானாகவே நிறைவேறிவிடும். தேர்வுக்காக மட்டுமே படிக்கப்படும் ஒரு பண்பு, பொருள்கள் ஏன் நொறுங்கி ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடுவதில்லை என்பதற்கான கணிதமாக இங்கே அமைகிறது.

வேறொரு பாதையும் உண்டு. அலைச்சார்பை விட்டுவிட்டு எலக்ட்ரான் அடர்த்தியை மட்டும் கொண்டு கணக்கிடும் முறையை வால்டர் கோன் 1960-களில் தோழர்களுடன் உருவாக்கினார். 1998-இல் நோபல் பரிசும் பெற்றார். இன்று பொருளறிவியலில் பெரும்பான்மையான கணக்குகள் அவ்வழியே நடக்கின்றன. எலக்ட்ரான்கள் வலுவாக ஒட்டுறவு கொண்ட பொருள்களில் அது தடுமாறுகிறது.

பிணையம் அலைச்சார்பாகும் விதம்

நரம்பணுப் பிணையம் என்பது உள்ளே எண்களைப் பெற்று, பெருக்கிக் கூட்டி, வளைந்த சார்பு ஒன்றின் வழியே அனுப்பி, மீண்டும் பெருக்கிக் கூட்டி, இறுதியில் விடை தரும் ஒரு நீண்ட வாய்பாடு. பெருக்கும் எண்களை மாற்றுவதன் மூலம் அதை ஏறக்குறைய எந்த வடிவத்துக்கும் வளைக்கலாம். வடிவத்தை மனிதர் ஊகிக்கத் தேவையில்லை. வளையக்கூடிய வாய்பாட்டைக் கொடுத்து, ஆற்றல் தாழும் திசையில் அதை நகர்த்தினால் போதும்.

சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் ஜியுசெப்பே கார்லியோவும் மத்தியாஸ் டிராயரும் 2017-இல் இதைச் செய்து காட்டினர். அவர்கள் எடுத்துக்கொண்டது எலக்ட்ரான்களை அல்ல, அணிக்கோவைகள் தேவைப்படாத காந்தச் சுழற்சிகளின் மாதிரியை. பயன்படுத்திய பிணையம் கட்டுப்படுத்தப்பட்ட போல்ட்ஸ்மான் பொறி என்னும் வகை. போல்ட்ஸ்மான் பொறியை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஜெஃப்ரி ஹிண்டனுக்கு 2024-இல் இயற்பியல் நோபல் பரிசு, ஜான் ஹாப்ஃபீல்டுடன் சேர்த்து, வழங்கப்பட்டது.

அணு, மூலக்கூறுகளின் எலக்ட்ரான்களுக்கு 2020-இல் இரண்டு பிணையங்கள் வந்தன. பெர்லின் பல்கலைக்கழகம் ஒன்றில் உருவான பௌலிநெட், ஹார்ட்ரீ–ஃபாக் ஆர்பிட்டால்களை அடித்தளமாக வைத்து அதன்மேல் திருத்தங்களைக் கற்றது. டீப்மைண்ட் நிறுவனமும் இலண்டன் இம்பீரியல் கல்லூரியும் சேர்ந்து உருவாக்கிய ஃபெர்மிநெட் இன்னும் துணிச்சலானது. அதிலும் அணிக்கோவை உண்டு. ஆனால் அதன் ஒவ்வோர் ஆர்பிட்டாலும் ஓர் எலக்ட்ரானின் இடத்தை மட்டுமன்றி, மற்ற எல்லா எலக்ட்ரான்களின் இடங்களையும் பார்த்து மாறுகிறது. பேருந்தில் ஏறுபவர் எல்லா இருக்கைகளையும் ஒருமுறை பார்ப்பதற்கு ஒப்பானது இது. ரிச்சர்டு ஃபெயின்மானும் மைக்கேல் கோஹனும் 1956-இல் நீர்ம ஹீலியத்துக்காகச் சொன்ன ‘பின்னோட்டம்’ என்ற கருத்தின் விரிவாகவும் இதைக் கொள்ளலாம்.

ஃபெர்மிநெட்டுக்குள் செலுத்தப்படும் எண்கள் எவை? எலக்ட்ரானிலிருந்து அணுக்கருவுக்கு உள்ள தொலைவு, எலக்ட்ரானிலிருந்து எலக்ட்ரானுக்கு உள்ள தொலைவு. இரண்டாவது, சந்திரசேகர் மூன்றாம் எண்ணோடு சேர்த்த அதே தொலைவுதான். அணுவைவிட்டு விலகும்போது மேகம் தேய்வதற்கு அடுக்குக்குறிச் சார்பும் அதில் அப்படியே இருக்கிறது. மாறியது அளவு: மூன்று எண்கள் இருந்த இடத்தில் பல லட்சம் எண்கள்.

பயிற்சி நடக்கும் விதம் பலரும் நினைப்பதற்கு மாறானது. படங்களை அடையாளம் காணும் பிணையத்துக்கு விடையுடன் கூடிய லட்சக்கணக்கான படங்கள் வேண்டும். இதற்கு வெளியிலிருந்து எந்தத் தரவும் வேண்டாம். கணினி எலக்ட்ரான்களை எங்காவது வைக்கிறது, சற்றே நகர்த்துகிறது, அலைச்சார்பின் வர்க்கம் சொல்லும் நிகழ்தகவுப்படி அந்த நகர்வை ஏற்கிறது அல்லது தள்ளுகிறது. 1953-இல் மெட்ரோபோலிஸ் குழுவினர் தந்த மாண்டி கார்லோ முறை இது. இப்படிக் கிடைக்கும் ஆயிரக்கணக்கான அமைப்புகளில் ஆற்றலைக் கணக்கிட்டுச் சராசரி எடுத்து, அது தாழும் திசையில் பிணையத்தின் எண்கள் திருத்தப்படுகின்றன. மாறுபாட்டுத் தத்துவமே ஆசிரியர். அலைச்சார்பு முற்றிலும் சரியாக அமைந்துவிட்டால், எலக்ட்ரான்களை எங்கே வைத்துக் கணக்கிட்டாலும் ஒரே ஆற்றல் வரும். எனவே மதிப்புகள் எவ்வளவு சிதறுகின்றன என்பதைக் கொண்டு விடை எவ்வளவு நம்பத்தக்கது என்றும் கணிக்கலாம்.

2020-ஆம் ஆண்டு ஆய்வில் ஃபெர்மிநெட் கையாண்ட மிகப் பெரிய மூலக்கூறில் 30 எலக்ட்ரான்கள் இருந்தன. எலக்ட்ரான்களின் எண்ணிக்கை இரட்டிப்பானால் ஒரு பயிற்சிப் படிக்கான வேலை ஏறத்தாழ 16 மடங்காகும். வேதியியலின் மிகத் துல்லியமான பழைய முறை ஒன்றில் அது 128 மடங்கு.

திண்மங்களில்: சென்னைக்கும் ஒரு பங்கு

1986-இல் சூரிக் ஐபிஎம் ஆய்வகத்தில் பெட்நார்ஸ், முல்லர் இருவரும் தாமிர ஆக்சைடு வகைப் பொருளில் எதிர்பாராத உயர் வெப்பநிலையில் மீக்கடத்தலைக் கண்டனர். இப்பொருள்களில் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று அவ்வளவு வலுவாக விலக்குகின்றன; ஒரே தாமிர அணுவில் இரண்டு சேர்ந்து நிற்கவே தயங்குகின்றன. ஹப்பார்டு மாதிரி என்று 1963 முதல் வழங்கும் எளிய கட்டம் இதைப் பிடிப்பதாகக் கருதப்படுகிறது. கட்டத்தின் ஒவ்வோர் இடத்திலும் நான்கு நிலைகள்: காலி, மேல் சுழற்சி, கீழ்ச் சுழற்சி, இரண்டும். 10-க்கு 10 என்ற சிறு கட்டத்திலேயே மொத்த அமைப்புகள் 1-க்குப் பின் 60 சுழிகளைத் தாண்டும்.

பிலிப் ஆண்டர்சன் 1987-இல் இதற்கு ஓர் ஊக அலைச்சார்பை முன்வைத்தார். எதிரெதிர்ச் சுழற்சி கொண்ட எலக்ட்ரான்கள் இணை இணையாகக் கைகோத்து, அந்த இணைகள் ஓயாமல் கூட்டாளிகளை மாற்றிக்கொண்டே இருப்பதான படம் அது. அதைக் கணக்கிடத்தக்க கோட்பாடாக வளர்த்து அதே ஆண்டில் ஆண்டர்சனுடன் ஆய்வுரை வெளியிட்டவர்களில் ஒருவர் க. பாஸ்கரன். சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் நீண்ட காலம் பணியாற்றிய இவர் 1990-இல் சாந்தி சுவரூப் பட்நாகர் பரிசு பெற்றார். ஒரே இடத்தில் இருவர் நிற்கும் அமைப்புகளை அலைச்சார்பிலிருந்து வெட்டி நீக்குவது அந்தப் படத்தின் உயிர்நாடி. இதுவும் மனிதர் ஊகித்த ஒட்டுறவுதான்.

இன்று ஹப்பார்டு கட்டத்துக்கும் பிணையங்கள் எழுதப்படுகின்றன. டி லுவோ, பிரையன் கிளார்க் இருவரும் 2019-இல் பின்னோட்டத் திருத்தத்தைப் பிணையமே கற்கும்படி செய்தனர். மற்ற மாண்டி கார்லோ முறைகள் பலவற்றை முடக்கும் ‘குறிச் சிக்கல்’ இம்முறையில் குறுக்கிடுவதில்லை; அலைச்சார்பின் வர்க்கத்தைத்தான் மாதிரி எடுக்கிறோம், வர்க்கத்துக்கு எதிர்க்குறி கிடையாது. அதற்கான விலை, விடை பிணையத்தின் வளையும் திறனுக்கு உட்பட்டது என்பது.

மிகத் தெளிவான வெற்றி எலக்ட்ரான் வாயுவில் கிடைத்தது. அடர்த்தி மிக அதிகமானால் எலக்ட்ரான்களின் இயக்க ஆற்றல் விலக்கத்தை விஞ்சிவிடும். வெண் குறுமீனின் எலக்ட்ரான்களுக்கு இடையிலான விலக்கத்தைச் சந்திரசேகர் பொருட்படுத்தாமல் விட முடிந்ததும் அதனால்தான். அடர்த்தி மிகக் குறைந்தால் விலக்கம் மேலோங்கி, எலக்ட்ரான்கள் படிகம்போல் வரிசையாக நின்றுவிடும் என்று யூஜின் விக்னர் 1934-இல் கூறினார். பழைய கணக்குகளில் வாயுவுக்கு ஓர் ஊகமும் படிகத்துக்கு வேறோர் ஊகமும் மனிதர் எழுதித்தர வேண்டியிருந்தது. 2023-இல் இம்பீரியல் கல்லூரி, டீப்மைண்ட் ஆய்வாளர்கள் ஒரே பிணையத்தை இரண்டுக்கும் பயன்படுத்தினர். படிகம் என்ற ஒன்று உண்டு என்று அதற்குச் சொல்லப்படவில்லை. அடர்த்தியைக் குறைத்தபோது அதுவாகவே எலக்ட்ரான்களை வரிசைப்படுத்தியது.

குறைகள்

ஃபெர்மிநெட் போன்றவை சில பத்து எலக்ட்ரான்களுக்கே பல வரைகலைச் செயலிகளை நாள் கணக்கில் ஓட்ட வேண்டியவை. ஒரு மூலக்கூறுக்குப் பயிற்றுவித்ததை இன்னொன்றுக்கு அப்படியே மாற்ற முடியாது. அணுக்களின் இடம் மாறினாலே பெரும்பாலும் மீண்டும் பயிற்சி தேவை. இதைத் தளர்த்தும் முயற்சிகள் நடந்து வருகின்றன. மேலும், தாழ்ந்த ஆற்றல் கிடைத்துவிட்டது என்பதாலேயே அலைச்சார்பின் மற்றப் பண்புகளும் சரியாக வந்துவிட்டன என்று கொள்ள முடியாது. ஹப்பார்டு கட்டத்தில் மீக்கடத்தும் நிலையும் எலக்ட்ரான்கள் கோடு கோடாக அடுக்கப்படும் நிலையும் ஆற்றலில் மிக நெருக்கமானவை. எந்த முறையால் கணக்கிட்டாலும் சிறு பிழை ஒன்றை மற்றதாகக் காட்டிவிடும்.

படிப்பவருக்கு இவற்றைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. சந்திரசேகரின் 1.039, 0.283 என்ற இரண்டு எண்களைப் பார்த்தவுடனே, ஓர் எலக்ட்ரான் உள்ளே, மற்றது வெளியே என்று அயனியின் படம் மனத்தில் எழுகிறது. பாஸ்கரன், ஆண்டர்சன் சொன்ன கைகோத்த இணைகளையும் கரும்பலகையில் வரைந்து காட்டலாம். பல லட்சம் எண்களைக் கொண்ட பிணையம் ஆற்றலை இவற்றைவிடத் துல்லியமாகச் சொல்கிறது. ஆனால் அதன் எண்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் எந்தப் படமும் எழுவதில்லை. எலக்ட்ரான்கள் எங்கெங்கே சேர்கின்றன, எவ்வளவு விலகுகின்றன என்பதைப் பிணையத்திடம் தனியே அளந்து கேட்டே அறிய வேண்டும், ஆய்வகத்தில் ஒரு பொருளை அளப்பது போல. விக்னர் படிகமும் அப்படித்தான் கண்டறியப்பட்டது: பயிற்சி முடிந்த பிணையத்தில் எலக்ட்ரான் அடர்த்தியை அளந்தபோது, சீரான இடைவெளிகளில் மேடுகள் தெரிந்தன.